ஒரே குக்கர்

"லேப்புல யாரோ ரத்தத்தை மாத்திட்டாங்க டாக்டர். இது என் பொண்டாட்டி ரத்தமே இல்ல."

எல்வின் ரிப்போர்ட்டை மேஜையில் அடித்த வேகத்தில் டாக்டர் பவ்யாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பியூலா குனிந்து அதை எடுத்து வைத்தாள். நிமிரும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு தடவை எடுத்துப் பாத்தாச்சு எல்வின். புரோட்டீன் ஆறுக்கு மேல இருக்கணும். இவங்களுக்கு அஞ்சரைகூட இல்ல. கால் வீங்கியிருக்கு பாருங்க. திங்கக்கிழமை ஆபரேஷன் பண்ண முடியாது."

"இன்னா டாக்டர், தேதி குடுத்துட்டு இப்ப இப்படிச் சொல்றீங்க? மாசா மாசம் இவ வலியில துடிக்கறத நான்தானே பாக்கறேன்?"

"கர்ப்பப்பைக் கட்டிய எடுத்துடலாம். தையல் ஆறணுமே? ஒரு மாசம் போகட்டும். தினம் ரெண்டு முட்டை..."

"முட்டையா?"

எல்வின் எழுந்தேவிட்டான். இந்த வார்த்தை எப்போது வரும் என்று காத்திருந்தவன் போல இருந்தான்.

ஒன்றரை வருடமாக அவன் வீட்டுக்குள் கறி, மீன், முட்டை, பால் எதுவும் நுழைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் செய்யும் பிரியாணிகூட நின்றுபோயிற்று. பயறிலும் பருப்பிலும் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று காட்ட, வீட்டுச் சாப்பாட்டைத் தினமும் வீடியோ எடுத்துப் போடுகிறான். மாரிக்குப்பத்திலிருந்து அவன் வேலைக்குப் பெங்களூரு போகும் காலை ரயிலில் பாதிப் பெட்டி அதைப் பார்க்கிறது.

பையிலிருந்து இன்னும் இரண்டு ரிப்போர்ட்டுகளை உருவிப் போட்டான்.

"இது என்னுது. ஏழரை. இது எங்கம்மாவுது. எழுபத்திரெண்டு வயசு, ஏழு கீது. பையன் டேவிட்டு ஸ்கூல் டீம்ல ஹாக்கி ஆடறான். ஒரே குக்கரு டாக்டர், ஒரே கொழம்பு. எங்களுக்கெல்லாம் ஒட்டுனது இவளுக்கு மட்டும் ஏன் ஒட்டல?"

டாக்டர் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். அவன் சொன்னது நிஜம்.

"சரி, பருப்பு மேல தப்பு இல்ல. ஒத்துக்கறேன். கிட்னி வழியா போகுதான்னு பாத்தேன், கிட்னி நல்லா இருக்கு. லிவரும் சரி." பியூலா பக்கம் திரும்பினாள். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்கம்மா?"

பியூலா வாயைத் திறந்தாள்.

"கருப்புக் கடலைக் கொழம்பு, வேர்க்கடலை சட்னி," என்றான் எல்வின்.

"மத்தியானம்?"

"காராமணி."

நேற்று மத்தியானம் அவன் பெங்களூரில் இருந்தான்.

"நான் அவங்களைக் கேட்டேன்." டாக்டரின் குரல் இறுகியிருந்தது.

"அவ இன்னா சொல்லுவா? எனக்குத் தெரியும் டாக்டர். வஞ்சம். பிரியாணிய நிறுத்துன நாள்லேர்ந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறா. நான் ட்ரெயின் ஏறுனதும் அத்தனையும் கொட்டிடறா. ஊர் முன்னால நான் பொய்யன் ஆவணும், அதான் வேணும் இவளுக்கு."

"கொட்டறேனா?"

பியூலாவின் குரல் அன்றைக்கு முதல் முறையாக எழுந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ராத்திரி ஊற வெக்கறது நானு. விடியக்காலம் எழுந்து வேக வெக்கறது நானு. நான் கொட்டுவேனா? அந்த குக்கரைத் தெனம் கழுவறவ சொல்றேன். ஒரு கடலை, ஒரே ஒரு கடலை மீந்தது கெடயாது."

எல்வின் கையைத் தட்டினான்.

"கேட்டுக்குங்க டாக்டர். அவ வாயாலயே வந்துடுச்சு. மீந்தது இல்லயாம். அப்ப துன்னுட்டுதானே கீறா? உங்க லேப்புதான் தப்பு."

பியூலா அவனையே பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"நம்பலன்னா இத பாருங்க." அவன் போனை எடுத்து நீட்டினான். "ஃபிரிட்ஜ் மேல வெச்சி எடுக்கறேன். டேபிள் மொத்தமும் தெரியும். எல்லாரும் துன்னு முடிச்சி எழுந்தப்புறம்தான் ஆஃப் பண்ணுவேன். ஒரு கட்டிங் கெடயாது."

டாக்டர் வாங்கிப் பார்த்தாள். மேஜை நடுவில் ஆவி பறக்கும் குக்கர். கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை கரண்டியோடு வந்து வந்து போனது. எல்வினின் குரல் கணீரென்று கேட்டது.

"கரண்டிய அடியில விட்டு அள்ளு பியூலா. மேல வெறும் தண்ணி. சத்தெல்லாம் அடியிலதான் கீது."

டேவிட் இரண்டாம் முறை கேட்டான். எல்வினின் அம்மா போதும் என்று சொல்லவில்லை. எல்வின் விரலைச் சப்பிக்கொண்டே, "இவ்ளோதாங்க விஷயம், முட்டையும் வேணாம் கறியும் வேணாம்" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தான். நாற்காலிகள் நகர்ந்தன. படம் முடிந்தது.

"முந்தாநேத்து எடுத்தது இருக்கா?"

"ஒன்றரை வருஷமும் கீது." எல்வினுக்குப் பெருமை தாங்கவில்லை. "எத்தனை வேணும்னாலும் பாருங்க."

டாக்டர் ஒன்றைத் தள்ளினாள். இன்னொன்றைத் தள்ளினாள். அதே மேஜை, அதே கை, அதே கரண்டி. நாலாவது வீடியோவைப் பார்த்ததும் டாக்டரின் முகம் சிவந்துவிட்டது.

ஓடிக்கொண்டிருந்த படத்தை விரலால் நிறுத்தினாள். போனை மேஜை மேல் வைத்து, அவன் பக்கமாகத் திருப்பித் தள்ளினாள்.

"இதுல பியூலா தட்டு எது, எல்வின்?"