மயக்கத்துக்குத் தடை

"அந்த அடியைத் தடை பண்ணியே ஆகணும்" என்றார் தலைவர்.

மாய விலங்குகளை மோதவிடும் கணினி ஆட்டத்தின் விதிக்குழு கூடியிருந்தது. பஞ்சாயத்து ஒரே ஓர் அடியைப் பற்றித்தான். அது பட்ட விலங்கு சுருண்டு விழும். எதிராளி சாவகாசமாக வந்து நொறுக்கலாம். ஆட்டக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'மயக்கம்'.

"ஆடத் தெரியாதவங்கதான் புலம்புவாங்க" என்றார் செயலாளர் அம்மாள்.

தலைவரின் கைப்பேசி சிணுங்கியது. எடுத்துப் பார்த்தவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

"என் வீட்டுக்காரிக்கு இன்னிக்குக் காலிறுதி. வீட்டிலேருந்தே ஆடுறா. என்னைவிடக் கெட்டிக்காரி, அவளே என்ன சொல்றா கேளுங்க. 'என்னங்க, மறுபடியும் மயக்கம். எழுந்திருக்கவே முடியல.'"

சொல்லிக்கொண்டே பதிலையும் தட்டினார். "பொறு. ரெண்டு சுற்றுல தானா தெளிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் அம்மாள்கூடக் கையைத் தூக்கிவிட்டார். தடைத் தீர்மானம் நிறைவேறியது.

அப்போதுதான் போட்டி மேற்பார்வையாளர் அரக்கப்பரக்க உள்ளே வந்தார்.

"மன்னிக்கணும் சார். காலிறுதியில ஒருத்தர் விலகிட்டாங்க. அட்டவணையை மாத்திட்டு வர்றேன்."

"யாரு?"

"உங்க வீட்டம்மாதான். தலை சுத்துது, ஆட முடியலன்னு காலையிலேயே போன் பண்ணாங்க. நீங்க கூட்டத்துல இருப்பீங்க, சொல்ல வேண்டாம்னாங்க."

தலைவர் வீட்டுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அவர் அனுப்பிய பதில் திரையில் இன்னும் படிக்கப்படாமல் கிடந்தது.