முதல் பக்கத்து ஜெனரல்

விஜயதசமி காலையில், பூஜையில் அடுக்கியிருந்த புத்தகங்களுக்கு நடுவிலிருந்து என் ஆல்பத்தை உருவி, முதல் பக்கத்தைத் திறந்தேன்.

ஜெனரலின் நெற்றியில் பொட்டு இருந்தது.

சந்தனம், அதன்மேல் குங்குமம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குதிரைப்படை நடத்தியவர், தாடியும் முறைப்புமாக, பார்சிப்பனி என்கிற அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் மங்களகரமாக இருந்தார்.

சிரிப்புதான் வந்தது. அப்புறம் படத்தின் அடியில் பார்த்தேன்.

அங்கேயும் ஒரு பொட்டு, சரியாக அவருடைய கையெழுத்தின் மேல். பன்னீரில் குழைத்த சந்தனத்தைச் சுற்றி மை ஊதாவாகக் கரைந்திருந்தது. பெயரில் பாதியைக் காணோம்.

"செத்துப்போனவர்தானேன்னு வெச்சேங்க. பிளாஸ்டிக் கவர் மேல ஒட்டல, அதான் படத்தை வெளிய எடுத்தேன்," என்றாள் என் மனைவி கலாவதி. குரல் நடுங்கியது.

நடுங்காமல் என்ன செய்யும்? கிச்சனைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தில் நான் வாங்கிய படம் அது. எட்டு மாதமாக அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பூதக்கண்ணாடியும் கையுமாக இருபது வருஷம் பழைய கையெழுத்துகளைச் சேர்த்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று நானும் அடித்துப் பேசியிருந்தேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஆல்பம்தான் வரும்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அந்தக் காலத்து மையில் இரும்பு உண்டு. காகிதத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். நூற்றறுபது வருஷம் காய்ந்தபின் ஒரு துளி சந்தனத்துக்கெல்லாம் இப்படி ஓடாது.

இது போன வருஷத்து மை.

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள் முன்னால் அவமானப்படப் பயமாக இருந்தது.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"விடு கலா, தெரியாமப் பண்ணதுதானே," என்றேன்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாளாகக் காபியை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறவள், அன்று என் கையில் கொடுத்தாள். சற்று நேரத்தில், மாடியிலிருந்து தன் தங்கையிடம் போனில் பேசுவது கேட்டது. எனக்கு எவ்வளவு பெரிய மனசு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஜை அலமாரியில் சந்தனக் கிண்ணம் இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

ஆல்பத்தில் மீதி பதினோரு தளபதிகள். அத்தனை பேரையும் அதே ஆளிடம்தான் வாங்கியிருக்கிறேன்.

ஆளுக்கு ஒரு துளி வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், பழைய கிச்சன் சிங்கில் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.