தூக்கிய கை

காலையிலிருந்து நகர்மன்றக் கூட்டம் ஒரே பேச்சில் நின்றது: உறுப்பினர்கள் எத்தனை பேர் வேண்டும், ஆளுக்கு எவ்வளவு சம்பளம். குழாயில் சாக்கடை கலந்து வருவதைச் சொல்ல வந்த மரகதவல்லி, கலங்கிய தண்ணீர் பாட்டிலோடு சுவரோரம் நின்றிருந்தாள். அவள் வாய் திறந்தபோதெல்லாம், “இரும்மா, இது முடியட்டும்” என்றார் தலைவர். சாப்பாட்டுக்குப் பிறகு, உறுப்பினர்களையும் சம்பளத்தையும் இரட்டிப்பாக்கலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். “சம்மதம்னா கை தூக்குங்க” என்றார் தலைவர். மளமளவென்று கைகள் எழுந்தன. அதற்குமேல் பொறுக்க முடியாமல் மரகதவல்லியும் பாட்டிலை உயரத் தூக்கி, “ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க” என்றாள். தலைவர் பார்த்தார். “பொதுமக்களும் ஆதரிக்கிறாங்க, எழுதிக்குங்க” என்று எழுத்தரிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் பாட்டிலை இன்னும் இறக்கவில்லை.