பேர் சொல்லும் பெட்டி

“லிஸ்ட்ல இன்னா பேரு காட்டுது, சொல்லுங்கக்கா.”

செல்போனில் ஆசிக்கின் குரல். உத்திரமேரூர் பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் புதிதாக வந்தவன். சென்டரில் கூட்டம், வீட்டிலிருந்தே அனுப்பச் சொல்லிவிட்டான். தேவகியின் வங்கி வேலை விண்ணப்பத்துக்கோ ஐந்து மணிதான் கெடு. மணி இப்போது நாலரை.

“ஒரே பேருதான் தம்பி. அவரு பேரு,” என்றாள் லேப்டாப்பைப் பார்த்தபடி.

“எவரு?”

“வூட்டுக்காரரு.”

“அவரு பேரு இன்னா?”

“அதை நான் எப்படி சொல்றது? திருக்கழுக்குன்றத்துல மலை மேல கீறாரே, சாமி...”

“வேதகிரீஸ்வரரா?”

“ஈஸ்வரரை எடுத்துட்டா அவருதான்.”

ஆசிக் சிரித்தான். “நீங்க சொல்லாட்டி போங்க. வைஃபை பெட்டி நொடிக்குப் பத்து தரம் அந்தப் பேரைச் சொல்லிக்கினே கீது. அதான் லிஸ்ட்ல வருது. எத்தினி கோடு?”

“ஒண்ணு.”

“பத்தாது. நடுவுல சுவரு வந்தா சிக்னல் படுத்துடும். பெட்டி எங்க கீது?”

“தெரிஞ்சா உன்னை ஏன் கேக்கறேன்?”

“நல்ல வூடுக்கா. சரி, கோடு ஏறுற பக்கமா நடங்க.”

லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நடந்தாள். கூடத்தில் ஒன்று. வாசலில் இரண்டு.

“வெளிய வந்தா ஏறுதா? இன்னாக்கா, பெட்டியை மாட்டுக்கொட்டாயில வெச்சுக்கினு கீறீங்களா?”

“பேசாம இரு தம்பி.”

தெருவில் மூன்று. சைக்கிளில் வந்தவர் அவளைப் பார்த்து மிரண்டு ஒதுங்கினார். முனையில் உரக்கடை வாசலில் நான்கு.

“இப்ப அனுப்புங்க.”

தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. விண்ணப்ப எண் வந்து விழுந்தது. நாலு ஐம்பத்திரண்டு.

“போயிடுச்சு தம்பி.”

“நல்ல பெட்டிக்கா அது. வூட்டுக்குள்ள வெச்சா இந்தப் பேஜாரே இல்ல.”

“வைக்கிறேன்,” என்று போனை அணைத்தாள்.

உரக்கடை மேசைக்குக் கீழே பச்சை விளக்கு மினுக்கியது. அவள் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன மறுநாளே, ‘கெட்டுப்போச்சு, ரிப்பேருக்கு மெட்ராஸ் அனுப்பிட்டேன்’ என்று கணவன் சொன்ன பெட்டி. மேசைக்குப் பின்னால், கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தபடி கடை முதலாளி.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, தெருவுக்கே கேட்கும்படி தேவகி கூப்பிட்டாள்.

“வேதகிரி, கொஞ்சம் வெளிய வாய்யா.”