அனுப்பாத விளக்கம்

“புது விளக்கம் அனுப்பினயா, இல்லையா? அத மட்டும் சொல்லு புள்ள.”

தன்னாமுனைப் புஸ்பம் வந்த வேகத்தில் நிஸ்றாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். புருசன் நல்லரத்தினத்தின் உடலை வாவியிலிருந்து எடுத்து இன்னும் எட்டாம் நாள் சடங்குகூட முடியவில்லை. பின்னால் மகன் லக்ஷன், நிலத்தைப் பார்த்தபடி.

முதலாளி ஹமீட் கதிரையை விட்டு எழும்பினார்.

காத்து எழும்பினால் தோணிக்காரரின் போனில் மணியடிக்கிற ஆப், அவருடைய கம்பனி செய்தது. பற்றரியைத் தின்னுது என்று ஊரெல்லாம் முறைப்பாடு. போன மாதம் மாற்றினார்கள். இனி மணி தன்பாட்டில் அடிக்காது. போக முதல் ஆப்பில் பொத்தானை ஒருக்கா அமத்தி வைத்தால்தான் அடிக்கும். யோசனை ஹமீடுடையது. ஆப் மாறும்போதெல்லாம் விளக்கத்தையும் திருத்தி எழுதி, மீனவர் வீடுகளுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது நிஸ்றாவின் வேலை.

“அந்த மனிசனுக்குப் போன் விளங்காது. எல்லாம் இவன்தான் பாத்துக் குடுக்கிறவன். மணியடிச்சா திரும்பிரலாம் எண்டு நம்பித்தானே போனாரு! இவனுக்கு ஒண்டும் வந்த நினைவில்லையாம். வந்ததா, வரல்லையா?”

நிஸ்றா லக்ஷனை ஒருதரம் பார்த்தாள்.

“இல்லம்மா. பழசை நான் மாத்தவே இல்ல. மறந்துபோனன்.”

“மறந்தயா? சோறு தின்ன மறந்தயாடி?” புஸ்பம் நெஞ்சிலடித்தாள். “உன்ட வாசல்லயும் இழவு விழ! நீ நல்லா இருக்கமாட்டாய்!”

முற்றத்தில் இறங்கி மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று ஹமீடுக்கு. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

“ஒரு உசிரு போயித்து புள்ள. இதுக்குத்தானே உனக்குச் சம்பளம்? நாளைக்கு வர வேணாம்.”

“சரி சேர்.”

“என்ன சரி? எப்பிடி மறந்த? அதையாவது சொல்லித்துப் போ!”

நிஸ்றா பையைத் தோளில் போட்டாள்.

“மறக்கல்ல சேர். ஆப் மாறின அண்டைக்கே அனுப்பிட்டன். ‘பிறகு பாக்கிறன் அக்கா’ எண்டு லக்ஷன் பதிலும் போட்டவன்.”

ஹமீட் கதிரையில் இருந்துவிட்டார்.

“மறுகா ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?”

“புருசன வாவி எடுத்துட்டுது சேர். மகனையும் நான் எடுக்கிறதா?”