எல் ஆல்டோவில் ஓடாத டிஸ்க்

முப்பத்தெட்டு சதவீதத்தில் மறுபடியும் நின்றது.

"என்ன சுல்மா, எம் பொண்ணு அனுப்பின பெட்டி இன்னிக்கும் சாலை மறியலா?" என்றார் அகாபிதோ.

என் கணினி பழுதுபார்க்கும் கடையில் அந்தக் கணினிக்கு இயங்குதளத்தை நிறுவும்போதெல்லாம் அதே இடம்தான். உள்ளே ஹார்டு டிஸ்க் இரண்டு முறை தட்டும். பிறகு திரை உறைந்துவிடும்.

அகாபிதோ, மலைமேல் இருக்கும் எங்கள் எல் ஆல்டோ நகரத்தின் பித்தளை வாத்தியக் குழுக்களில் வாழ்நாளெல்லாம் ட்ரம்பெட் ஊதியவர். ஊரே அவரை மாயெஸ்த்ரோ, அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிடும். இப்போது ஊத முடியாது. நாலு படி ஏறினால் உதடு நீலமாகிவிடுகிறது.

ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டது, இந்த உயரத்தில் இன்னொரு குளிர்காலம் தாங்காது, கீழே இறங்கிவிடுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கீழே கரானாவியில், ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே, மகள் நார்மா ஓர் அறையை ஒழித்து வைத்துக் காத்திருந்தாள்.

அவர் அசையவில்லை. ஊத முடியாவிட்டால் என்ன, கணினியில் குழுக்களுக்கு இசைக்குறிப்பு எழுதித் தருவேன், குழுக்கள் எல்லாம் இங்கேதானே இருக்கின்றன என்றார். வேறு வழியில்லாமல் நார்மா தன் கணினியை அனுப்பிவைத்தாள்.

"மலைய விட்டு இறங்கறவன் கோழை" என்பார். அவர் மனைவி பெத்ரோனாவை மரியாதையாகத் தோன்யா என்போம். அப்போதெல்லாம் அவர் என்னைப் பார்ப்பார்.

முதல் நாள் பெட்டியைத் திறந்தபோதே வண்ணக் காகிதத் துணுக்குகள் கொட்டின. விசிறியில் ரோஜா இதழ். சாராய வாடை.

"புதுப் பொருள் வீட்டுக்கு வந்தா பூமித்தாய்க்குப் பங்கு குடுக்காம எப்படி?" என்றார் பெத்ரோனா.

"சுத்தித் தெளிக்கணும் தோன்யா. நீங்க அது வயித்துக்குள்ளயே ஊத்திட்டீங்க."

அகாபிதோ சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

துடைத்தேன், உலர்த்தினேன். முப்பத்தெட்டு. கேபிளை மாற்றினேன். முப்பத்தெட்டு. நினைவகத்தை, மின்பெட்டியை, பென் டிரைவை மாற்றினேன். அகாபிதோ தினமும் வந்து, நான் விற்கும் டிஸ்குகள் அடுக்கிய கண்ணாடி அலமாரிக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, வேடிக்கை பார்த்தார்.

வேறொரு டிஸ்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரே மூச்சில் நிறுவி முடித்தது. ஆக, கோளாறு டிஸ்கில்தான்.

ஆனால் நார்மா தொலைபேசியில் சத்தியம் செய்தாள்: "மாதா மேல ஆணை அக்கா, இங்க ஒரு நாள் கூட மக்கர் பண்ணலை."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. டிஸ்கும் பொய் சொல்லாது. எனக்குத் தூக்கம் போயிற்று.

என் தம்பி வில்பர் கரானாவிக்கு மினிபஸ் ஓட்டுகிறான். பழைய டிஸ்கையே மாட்டி, பெட்டியை அவனோடு கீழே அனுப்பினேன். மறுநாள் நார்மா கூப்பிட்டாள். இயங்குதளம் ஒரே தடவையில் ஏறிவிட்டதாம். பின்னால் பாட்டு ஓடுவது எனக்கும் கேட்டது.

பெட்டி மேலே வந்தது. போட்டேன். டக், டக்.

"பாத்தியா, உன் மூஞ்சியக் கண்டாத்தான் பயம் அதுக்கு" என்றார் அகாபிதோ.

விடை ஞாயிறு பூசையில் கிடைத்தது. எல்லோரும் பாடிக்கொண்டிருந்தோம். என் பின்வரிசையில் ஒரு குரல் ஒவ்வொரு அடியின் நடுவிலும் அறுந்து, மூச்சு வாங்கி, அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொண்டது. திரும்பிப் பார்த்தேன். அகாபிதோ.

கடவுளே, இதுதானா!

டிஸ்குக்குள் தகடு சுழலும். அதைப் படிக்கும் முனை தகட்டைத் தொடுவதில்லை. இடையில் இருக்கும் மெல்லிய காற்றின்மேல் மிதக்கிறது. மூவாயிரம் மீட்டர் உயரம் வரைதான் உத்தரவாதம் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். நாங்கள் நாலாயிரத்துக்கு மேலே குடியிருக்கிறோம். வலுவானவை எப்படியோ தாக்குப்பிடிக்கும். இந்த டிஸ்கால் முடியவில்லை.

திங்கட்கிழமை கடைக்கு வந்த அகாபிதோ, பெத்ரோனா இருவரிடமும் சொன்னேன்.

"அப்போ இது கெட்டுப்போகலையா?" என்றார் அவர்.

"இல்ல மாயெஸ்த்ரோ. நல்ல டிஸ்க். இங்க காத்து பத்தலை, அவ்வளவுதான். பிடிச்சு வச்சு ஓட்டினாத்தான் கெட்டுப்போகும்."

அவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். பெத்ரோனா சால்வை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேற வழியே இல்லையா?"

"இல்ல."

அவர் கடையை ஒரு சுற்று பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"மறுபடி தனியா அனுப்பினா வளைவுல எல்லாம் குலுங்கும். மடியில வச்சுத்தான் கொண்டு போகணும்" என்றார்.

வியாழக்கிழமை வில்பரின் வண்டி கடை வாசலில் நின்றது. கூரைமேல் மெத்தை, இரண்டு மூட்டை, ட்ரம்பெட் பெட்டி. பெத்ரோனா என் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு முதலில் ஏறி உட்கார்ந்தார்.

அகாபிதோ கணினியை அணைத்துப் பிடித்தபடி வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு திரும்பினார்.

"சுல்மா, அந்தக் கண்ணாடி அலமாரி மேல திங்கக்கிழமை போட்ட துணிய இனிமே எடுத்துடு. சுத்தாத டிஸ்க் எந்த மலையிலயும் ஓடும்னு நீ எத்தனை பேருக்குச் சொல்லி வித்தே, பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தேன்."