வேலிக் கம்புகளில் கையுறைகள்

ஏப்ரல் வெயிலில் மலை முழுவதும் சொட்டுகிறது. டீ-ஷர்ட்டோடு பனிச்சறுக்கில் இறங்கும் இருவர், "பனியா இது, கஞ்சி" என்று சிரித்துக்கொண்டே போகிறார்கள். சறுக்குபவர்களை உச்சிக்கு ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்டின் கீழே பனி உருக உருக, குளிர்காலம் முழுக்கத் தொலைந்தவையெல்லாம் வெளியே வருகின்றன. லிஃப்ட் ஓட்டும் செவரின் கையுறைகளைப் பொறுக்கிவந்து, உடையவர் கண்ணில் படட்டும் என்று வேலிக் கம்புகளில் மாட்டிவைக்கிறான். இங்கே அதுதான் வழக்கம். விரல்களை விரித்தபடி பதினோரு கைகள் பள்ளத்தாக்கைப் பார்த்து நிற்கின்றன. காற்றடித்தால் அசைகின்றன.

சூப் கடையிலிருந்து ரோஸ்விதா கிண்ணத்தோடு வருகிறாள். செவரினின் அண்ணன் மனைவி. பிப்ரவரியில், லிஃப்டை ஒட்டிய இந்தச் சரிவில்தான் பனி சரிந்து அண்ணனை இழுத்துக்கொண்டு போனது; உடல் இன்னும் கிடைக்கவில்லை. அவனுடைய கையுறை இருக்கிறதா என்று ஒவ்வொரு கம்பாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள். "இன்னைக்கு ஏதாச்சும்?" "ஒண்ணுமில்ல அண்ணி. சூப்ப வச்சிட்டுப் போங்க." "ஒத்தக் கையாலயா குடிக்கப் போற?" அவன் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கிறது. தலைக்கு மேல் ஆளில்லாத நாற்காலிகள் கிறீச்சிட்டுப் போகின்றன. பையின் அடியிலிருந்து அவன் பூட்ஸ் மீது நீர் சொட்டுகிறது. ஒரு சொட்டு, பிறகு இன்னொன்று. ரோஸ்விதா அதைப் பார்க்கிறாள். "பை ஒழுகுதே, செவரின்," என்கிறாள் மெல்ல. அவன் கையை எடுக்கவில்லை. அவள் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, காலியாக நிற்கும் பன்னிரண்டாவது கம்பின் தலையில் ஒட்டியிருக்கும் ஈரப்பனியை ஏப்ரனால் துடைக்கத் தொடங்குகிறாள்.